சுண்ணாம்பு போட்ட பதநீர்

கடந்த பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, நின்றுபோன முதியோர் உதவித்தொகைக்காக மனுக் கொடுக்க வந்த என் அத்தையை அழைத்துக்கொண்டு கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். திசையன்விளைப் பக்கத்துத் தேரி (செம்மணல் மேட்டு) ஊரொன்றிலிருந்து முதல் பேருந்தில் புறப்பட்டு வந்த அத்தை, எனக்குக் கொடுப்பதற்காக ஒரு தண்ணீர் பாட்டில் நிறையப் பதநீர் கொண்டுவந்திருந்தாள். வாசலில் வழக்கமான சோதனை நடந்தது. ஓர் இளம் பெண் காவலர் அத்தையின் ஒயர் கூடையை வாங்கி, ஆதார் நகல், குடும்ப அட்டை, எழுதிக்கொண்டுவந்த மனு, வெற்றிலைப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தார். அவர் தேடியது மண்ணெண்ணெய். திருநெல்வேலிக்காரர் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய முகம் பாட்டிலை நெருங்கும்போதே, யாரும் ஒன்றும் கேட்காமலே, அத்தை "சுண்ணாம்பு போட்டதுதாம்மா" என்றாள். காவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பதனிம்மா. கள்ளு இல்ல. கலயத்துல சுண்ணாம்பு தடவுனதுதான்" என்று அத்தை மறுபடியும் சொன்னாள். காவலர் சிரித்துவிட்டு, "உள்ள போங்க பாட்டி" என்றார். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அன்றைக்கே அடங்கிவிட்டது. அத்தை சொன்ன அந்தச் சொல் அடங்கவில்லை. மாமா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் பனையேற்றத்தை விட்டது அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன்னால். பாட்டிலில் இருந்தது, அடுத்த விளைக்காரர் (பனந்தோப்புக்காரர்) அதிகாலையில் இறக்கித் தந்த பதநீர். மண்ணெண்ணெய் தேடிய ஒருவர் முன்னால், எழுபது வயது கடந்த ஒரு பெண், மாமா மீது முப்பது ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட கள் வழக்குக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதுதான் என்னை உறுத்தியது. குற்றம் என்பது செயலிலேயே இருக்கிறதா, அல்லது அச்செயலுக்குச் சமூகம் இடும் பெயரில் இருக்கிறதா என்ற கேள்வியைக் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்து மறந்தவன் நான். அது ஒரு பதநீர் பாட்டில் வழியாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரு விரல் சுண்ணாம்பு

பனை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிப் பார்த்தால்தான் இதன் விசித்திரம் புலப்படும். மரம் ஒன்று, பாளை ஒன்று, சீவுகிற அரிவாள் ஒன்று, கட்டுகிற கலயமும் ஒன்றுதான். கலயத்தின் உட்புறத்தில் ஒரு விரல் சுண்ணாம்பைத் தடவிக் கட்டினால் சொட்டுகிற நீர் புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாமல் கட்டினால், விடிவதற்குள் அது தானாகவே நுரைத்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்கென்று பனையேறி தனியாக எந்த வேலையும் செய்வதில்லை. பதநீருக்குத்தான் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. அந்த ஒரு வேலையைச் செய்தானா இல்லையா என்பதைக் கொண்டே, மரத்திலிருந்து இறங்குகிறவன் தொழிலாளியா குற்றவாளியா என்பது முடிவாகிறது. பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. அதற்கு அரசு விழா எடுக்கும், பனை நம் மாநில மரம் என்று மேடையில் பேசும்.

மரத்தின் அடியில் நின்று பார்த்தால் சட்டத்தின் வரலாறு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. 1937-இல் சேலத்தில் தொடங்கிப் படிப்படியாக மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டது, கள்ளுக்கடைகள் திறந்தன. 1974-க்குள் மூடப்பட்டன. 1981-இல் மீண்டும் திறந்தன. 1987-ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து மீண்டும் மூடப்பட்டு இன்றுவரை மூடியே இருக்கின்றன. ஆக, மாமாவைப் போல அறுபதுகளின் இறுதியில் ஏறத் தொடங்கிய ஒருவர், தம் வாழ்நாளில் ஒரே மரத்தில் ஒரே செயலைச் செய்து, குற்றவாளியாகவும் குடிமகனாகவும் மாறி மாறி இருந்திருக்கிறார்; அவர் கையில் எதுவும் மாறவில்லை, சென்னையில் ஓர் ஆணை மாறியது. இடத்தை வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். செங்கோட்டைக்கு மேற்கே புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளத்து ஆரியங்காவுப் பக்கம் ஏறிவிட்டால், கள்ளுக்குக் கடை இருக்கிறது, கடைக்குப் பலகையும் இருக்கிறது. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அந்தப் பக்கத்து அரசின் கீழ் இருந்த ஊர்தான்.

மாமாவின் மீது போடப்பட்டது பொய் வழக்கு என்று சொல்லி இந்தக் கட்டுரையை எளிதாக்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. 1991-இல் அவர் இரண்டு கலயங்களில் சுண்ணாம்பு தடவாமல் கட்டியிருந்தார் என்பது உண்மை. ஒன்று தமக்கு, மற்றது கேட்டவர்களுக்கு. கருப்பட்டி விலை சரிந்திருந்த காலம். விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், விறகு வைத்து நாள் முழுவதும் காய்ச்சிக் கிடைப்பதைவிட ஒரு கலயம் கள்ளில் கூடுதலாகக் கிடைத்தது. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கலயங்களை உடைத்தார்கள், அரிவாளையும், மரமேறக் காலில் மாட்டும் தளைநாரையும் எடுத்துக்கொண்டார்கள். நிலையச் செலவு, வக்கீல் செலவு, அபராதம் என்று எல்லாம் சேர்ந்து 3,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. அந்த ஆண்டுப் பருவமும் போயிற்று. 2003-இன் இறுதியில் மதுச் சில்லறை விற்பனை முழுவதையும் அரசே ஏற்றுக்கொண்டபோது, எங்கள் ஊர் விலக்கிலும் ஒரு கடை வந்தது. அந்தக் கடைக்கு எதிரில் உள்ள பெட்டிக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து மாமா பீடி குடிப்பார். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இவ்விடத்தில் வ.உ.சி.யை எடுத்துக்காட்டுவதுதான் எங்கள் ஊர் எழுத்தாளர்களின் வழக்கம். 1908-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்த ஊர் இது. இன்று இதே ஊரின் மைதானத்துக்கு அவர் பெயர். நேற்றைய குற்றவாளி இன்றைய தியாகி என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்த எடுத்துக்காட்டு எனக்கு இங்கே அவ்வளவாகப் பயன்படவில்லை. ராஜத் துரோகம் என்ற பெயரை அவர் ஒரு கணமும் ஏற்றுக்கொண்டதில்லை; அவரைச் சுற்றியிருந்த மக்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. என் அத்தையின் சிக்கல் வேறு. அவள் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

குறைதீர்க்கும் நாள்

மனுக்களுக்கான வரிசை நீளமாக இருந்தது. அத்தையை நிழலில் உட்காரவைத்துவிட்டு, வரிசையில் நின்றபடி அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனுக் கொடுத்தும் பயன் காணாத ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இந்த வளாகத்தில்தான் தீக்கு இரையானார்கள். நால்வரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதன் பிறகுதான் பைகளைத் திறப்பதும் பாட்டில்களை முகர்வதும் இவ்வளவு இறுகின. உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பெண் காவலரின் இடத்தில் நான் இருந்தாலும் முகர்ந்துதான் பார்ப்பேன். என்றாலும், கந்துவட்டிக்காரர்களின் வீட்டு வாசலில் அப்படி ஒரு சோதனை ஒரு திங்கட்கிழமைகூட நடந்ததில்லை என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

இதற்குச் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 3 ஆண்டுகள் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டலை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் என்று பேசி, 1,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், உண்மையான வட்டியைக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. சந்தையில் காய் விற்கும் பெண்கள் இதை அன்றாடச் செலவுகளில் ஒன்றாகவே கருதுகிறார்கள். அவர்களுக்கு வங்கி வாசலைவிடத் தண்டல்காரரின் இருசக்கர வண்டி அருகில் இருக்கிறது. சட்டப்படி இது குற்றம். ஊர்ப்படி இது தொழில். அதனால் பாதிக்கப்பட்டவர் அதை எழுதி இந்த அலுவலகத்தில் கொடுக்கும்போது, அது 'குறை' என்று பதிவாகிறது.

குறை என்ற சொல்லை அன்றைக்கு அந்த வரிசையில்தான் முதன்முறையாகக் கூர்ந்து பார்த்தேன். மக்கள் குறைதீர்க்கும் நாள் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நம் பேச்சில் குற்றமும் குறையும் பிரிவதில்லை. 'குற்றங்குறை இருந்தா மன்னிச்சுக்கிடுங்க' என்று கல்யாண வீட்டில் சொல்வோம். மாணிக்கத்திலும் குற்றம் உண்டு, பாடலிலும் குற்றம் உண்டு, கறிக்குழம்பிலும் குற்றம் கண்டுபிடிப்பார் உண்டு. அந்த அகன்ற சொல்லைக் காவல் நிலையமும் நீதிமன்றமும் எடுத்துத் தமக்கெனச் சுருக்கிக்கொண்டன. சுருக்கியபோது வெளியே தள்ளப்பட்டவையெல்லாம் குறை ஆகிவிட்டன. நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டது, கூலி தராதது, ஆலைக் கழிவு கிணற்றில் இறங்கியது, உதவித்தொகை காரணம் சொல்லாமல் நின்றுபோனது: இவற்றால் விளையும் கேடு சிறிதல்ல, ஆனால் இவற்றுக்கு மனு எண் கிடைக்கும், முதல் தகவல் அறிக்கை எளிதில் கிடைக்காது. இந்தக் குறைகளின் அழுத்தம் தாங்காத ஒருவர் கடைசியில் என்ன செய்கிறாரோ அதற்குத்தான் குற்றம் என்ற பெயர் உடனே கிடைக்கிறது.

இதை நான் மிகைப்படுத்தவில்லை. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை 2017-இன் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் ஏறத்தாழச் செயலிழக்கச் செய்தது. அப்படி முயல்கிறவர் கடும் மன அழுத்தத்தில் இருக்கிறார் என்றே கருத வேண்டும், அவருக்கு அரசு சிகிச்சை தர வேண்டும் என்றது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பொதுப் பிரிவு இடம்பெறவில்லை. அது நல்ல மாற்றம்தான். ஆனால் 226-ஆவது பிரிவு ஒன்று வந்திருக்கிறது. ஓர் அரசு ஊழியரைத் தம் கடமையைச் செய்யவைக்கவோ செய்யவிடாமல் தடுக்கவோ வேண்டித் தற்கொலைக்கு முயன்றால், ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை. ஒரே துயரம், அரசின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நோயாகவும் அரசின் வாசலில் குற்றமாகவும் இருக்கிறது. பிரிவை வரைந்தவர்களின் மனத்தில் எந்த வாசல் இருந்ததோ எனக்குத் தெரியாது. என் மனத்தில் கொக்கிரகுளம்தான் வந்தது.

அந்த வளாகத்துக்கு அருகிலேயே தாமிரபரணி ஓடுகிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மனுக் கொடுக்க இதே அலுவலகத்தை நோக்கி வந்த ஊர்வலத்தின் மீது தடியடி நடந்து, ஆற்றில் இறங்கி ஓடியவர்களில் 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றது. மூழ்குதல் என்பது சாவின் காரணமாகப் பதிவாகலாம். தண்ணீருக்குள் ஏன் இறங்கினார்கள் என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் பூத் தூவுகிறவர்கள் அதைப் படுகொலை என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு சொற்களும் ஒரே பகலைப் பற்றியவை.

அண்ணாச்சி

இதுவரை நான் எழுதியதெல்லாம் ஒரு நேர்க்கோட்டில்தான் போகிறது: கேடு செய்கிறவை குற்றமாவதில்லை, குற்றமாகிறவை பெரிய கேடு செய்வதில்லை. அன்று பிற்பகலில் புதிய பேருந்து நிலையத்தில் அத்தையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திராவிட்டால், இந்தக் கோட்டிலேயே நிம்மதியாக நின்றிருப்பேன். மனு கொடுத்தாயிற்று, எண் எழுதிய சீட்டு அத்தையின் சுருக்குப்பையில் இருந்தது. வாசலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவளுக்கு அப்படிச் சொன்னதே நினைவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே அந்த 1991-ஐப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

அபராதத்துக்கும் செலவுக்குமான 3,000 ரூபாயை ஊரில் வட்டிக்கு விடுகிற அண்ணாச்சியிடம் பத்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள். பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் பத்து. மாதம் 300 ரூபாய். நான்கு ஆண்டுகள் தவறாமல் கட்டியிருக்கிறார்கள். 14,400 ரூபாய் போன பிறகும் அசல் 3,000 அப்படியே நின்றது. ஐந்தாம் ஆண்டு மழையில்லை. கடைசியில், பதினோரு பனை நின்ற வடக்கு விளையை எழுதிக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். அதன் பிறகு மாமா பிறர் மரங்களில் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) ஏறினார். வயதான காலத்தில் அப்படி ஏறிய ஒரு மரத்திலிருந்து விழுந்துதான் இடுப்பு ஒடிந்தது. வட்டிக்கு விட உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1957 முதலே இருந்தது. அண்ணாச்சியிடம் உரிமம் என்ற ஒன்று இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் கணக்கைச் சொல்லிக்காட்டி, அந்த மனிதர் செய்ததுதான் குற்றம், மாமா செய்தது ஒன்றுமே இல்லை என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படிச் சொல்லாத மருமவனே. அவரு தரலன்னா அன்னைக்கி ஆரு தந்திருப்பா? ஒங்க மாமா சாவுக்கு மொத மாலை அவரு போட்டதுதான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்க மாமா செஞ்சது தப்புதான். ஜீப்புல ஏத்திட்டுப் போவும்போது ஊரே நின்னு பாத்துச்சி. நான் கோயிலுக்குப் போவவே ரெண்டு வருசம் ஆச்சி" என்றாள்.

என் கோடு முறிந்தது இங்கேதான். விளையைக் கொண்டுபோனவர் மீது அவளுக்கு நன்றி இருந்தது. இரண்டு கலயம் கள் இறக்கியவர் மீது வெட்கம் இருந்தது. எது எவ்வளவு கேடு செய்தது என்பதை ரூபாய்க் கணக்கில் அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஆனால் அவளுடைய வெட்கம் அந்தக் கணக்கின்படி நடக்கவில்லை, ஜீப்பின்படி நடந்தது. குற்றம் என்பது சமூகம் புனைந்த ஒன்று என்று சொல்லும்போது, அதை ஏதோ காகிதத்தில் மட்டும் இருப்பதாகவும், காகிதத்தைக் கிழித்தால் போய்விடும் என்பதாகவும் நான் எண்ணியிருந்தேன். அந்தப் புனைவு ஒருத்தியின் தொண்டைக்குள் இறங்கி, முப்பது ஆண்டுகள் கழித்துக் கேட்காத கேள்விக்குப் பதிலாக வெளியே வருகிறது. அண்ணாச்சி செய்ததற்கு அப்படி ஒரு ஜீப் வரவில்லை. அதனால் அவளுக்கு அதை நினைக்க ஒரு சொல் கிடைக்கவில்லை. கைமாற்று, உதவி, கடன், விதி என்ற சொற்கள்தான் கையில் இருந்தன.

தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து பிரிட்டனில் சில அறிஞர்கள் குற்றவியலையே கைவிட்டு, தீங்கை அளவுகோலாகக் கொண்ட ஓர் ஆய்வுத்துறை வேண்டும் என்று வாதிட்டு வருகிறார்கள். தீங்கைக் குறிக்கும் 'சேமியா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரும் வைத்தார்கள். பணியிடச் சாவுகளும் மாசும் வறுமையும் செய்யும் அழிவோடு ஒப்பிட்டால் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறுபவை எவ்வளவு சிறியவை என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். எனக்கு அதில் பெருமளவு உடன்பாடு உண்டு. ஆனால் தீங்கு என்பதும் யாரோ ஒருவர் பார்த்துப் பெயரிட்ட பிறகுதான் தீங்காகிறது என்பதை அத்தையிடம் கற்றேன். தீங்குற்றவரே அதை உதவி என்று சொல்லும்போது, அவருக்காக நான் அதைத் தீங்கு என்று அறிவிப்பது எந்த உரிமையில்? அறிவிக்கத்தான் வேண்டும் என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் அன்று பேருந்து நிலையத்தில் போல உரக்க அல்ல.

கள்ளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். கடையைத் திற என்று கேட்கும் கூட்டத்தில் அத்தை இல்லை. கலயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளும் தலைவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தால் எழுந்து போய்விடுவாள். கள்ளில் அழிந்த வீடுகளும் அடிபட்ட பெண்களும் அவளுக்குத் தெரியும். அவளுடைய அக்காள் வீடே அதில் ஒன்று. ஆகவே, தடை வெறும் கற்பனைக் குற்றத்தின் மீது போடப்பட்டது என்று நான் சொன்னால் அதுவும் உண்மையாகாது. அந்தத் தீங்கும் மெய்தான்; அக்காளின் வீட்டில் அடி விழுந்த இரவுகளில் எந்த ஜீப்பும் வந்ததில்லை என்பதும் மெய்தான்.

மூன்றே கால் மணிக்குத் திசையன்விளைப் பேருந்து வந்து நின்றது. கூடையைத் தூக்கியபோது பாட்டில் நினைவுக்கு வந்து, எடுத்துக் கொடுப்பதற்காகத் திறந்தாள். திறந்த வேகத்தில் லேசாகச் சீறியது. மூக்கருகே கொண்டுபோனவள், "புளிச்சிட்டு மருமவனே" என்றாள். காலையிலிருந்து வெயிலில் அலைந்திருக்கிறது; வடிகட்டும்போது சுண்ணாம்புத் தெளிவு கலயத்தோடு நின்றுவிட்டது போலும். பரவாயில்லை, கொடு, குடிக்கிறேன் என்று கையை நீட்டினேன். தரவில்லை. பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, நடைமேடைக்கு அப்பால் சுவரோரமாக வேப்பங்கன்று ஒன்று நின்ற இடத்துக்குப் போனாள். ஓட்டுநர் ஒலி எழுப்பினார். அத்தை குனிவதற்கு முன்னால் இடப்பக்கம் ஒருமுறையும், காவல் உதவி மையம் இருந்த வலப்பக்கம் ஒருமுறையும் பார்த்துவிட்டு, மெதுவாக, சத்தம் வராமல், கன்றின் அடியில் ஊற்றினாள். ஊற்றிய இடத்தின் மேல் காலால் கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்து பேருந்தில் ஏறினாள்.